வேப்பெண்ணெய்க்குச் சாட்சி

மார்கழிப் பனி என்றதும் பட்டணத்தில் சிலருக்குச் சங்கீதக் கச்சேரி ஞாபகம் வரும். சிலருக்கு வெண்பொங்கல் ஞாபகம் வரும். கோவில்பட்டிக்கு நாற்புறமும் விரிந்து கிடக்கும் கரிசற் காட்டுக் குடியானவனுக்கோ உளுந்தின் இலைதான் ஞாபகம் வருகிறது. வடகிழக்குப் பருவ மழையை நம்பி விதைத்த உளுந்தும் பாசிப் பயறும் பூத்துப் பிஞ்சு விடுகிற தறுவாயில் இரவெல்லாம் பனி இறங்குகிறது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால், கோலம் போட வந்தவர் யாரோ கை தவறி அரிசி மாவைச் சிந்திவிட்டுப் போனாற் போல இலை மேல் வெண்மை படிந்திருக்கும். அது மாவன்று, உயிருள்ள பூஞ்சணம். கண்ணுக்குத் தெரியாத நூல்களாக இலை மீது படர்ந்து, இலையினுள் உறிஞ்சு குழல்களை இறக்கிச் சத்தைக் குடிக்கிறது. இலை பழுத்து உதிர்கிறது. காய் சூம்பிப் போகிறது. சாம்பல் நோய் என்று இதற்குப் பெயர்.

கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டு முதல் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்து வருவது நேயர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். மானாவாரிப் பருத்தியில் அது செய்த ஊழியம் பிரசித்தமானது. இன்று அந்த நிலையம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அப்பல்கலைக்கழகத்தார் உளுந்தின் சாம்பல் நோய்க்குச் சொல்லும் பரிகாரங்களில் மூன்று நமக்கு மிகவும் அறிமுகமானவை. ஒன்று, நூற்றுக்கு மூன்று பங்கு வேப்பெண்ணெய் கலந்த நீர். இரண்டாவது, நூற்றுக்கு ஐந்து பங்கு வேப்பங்கொட்டைப் பருப்பின் சாறு. மூன்றாவது, நூற்றுக்குப் பத்துப் பங்கு தைல மரத்து இலைச் சாறு. நோய் தலை காட்டியதும் ஒரு முறையும், பத்து நாள் கழித்து மறு முறையும் தெளிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. வேம்பும் தைல மரமும் பூஞ்சணத்துக்குப் பகை என்பதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் வேப்பெண்ணெயைச் செடி மேல் தெளித்துப் பூஞ்சணத்தை அடக்கும் முறை ஐரோப்பா முழுவதிலும் தங்களுக்கே சொந்தம் என்று, கடல் கடந்த இருவர் சீட்டு எழுதி வாங்கி வைத்திருந்தார்கள் என்பது ஆச்சரியமல்லவா?

அந்த இருவர், அமெரிக்க ஸர்க்காரின் விவசாய இலாகாவும், டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற இரஸாயனக் கம்பெனியும். அவர்கள் 1990 டிசம்பரில் மனுப் போட்டார்கள். 1994 செப்டம்பரில் ஐரோப்பியப் பேடண்ட் ஆபீஸ் 436257 என்ற இலக்கமிட்டு உரிமை வழங்கிற்று. உரிமைச் சாஸனத்தின் சாரம் இது: வேப்பங்கொட்டையிலிருந்து நீரோடு ஒட்டாத எண்ணெயைப் பிரித்தெடுக்க வேண்டும், அதை நூற்றுக்கு 0.1 முதல் 10 பங்கு வரை, நீரில் கலக்கச் செய்யும் சவுக்காரம் போன்ற ஒரு பொருளுடன் சேர்க்க வேண்டும். பூஞ்சணத்தின் மேல் படச் செய்ய வேண்டும். அந்தக் கம்பெனியின் இரஸாயனிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வேம்பின் பேர்போன கசப்புச் சத்தை நீக்கிய பிறகும் எஞ்சிய எண்ணெய்க்குப் பூஞ்சணத்தை அடக்கும் சக்தி இருக்கிறது என்று எடுத்துக் காட்டியது வேலைதான். ஆனால் வேலை செய்தது வேறு, அது புதியது என்று சத்தியம் செய்வது வேறு.

1995-ல் மூவர் சேர்ந்து ஆட்சேபம் எழுப்பினார்கள். நம் நாட்டு வந்தனா சிவா ஒருவர். ஐரோப்பியப் பார்லிமெண்டின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த பெல்ஜியத்துப் பெண்மணி மக்டா ஏல்வூட் மற்றொருவர். மூன்றாவது கட்சிக்காரர், இயற்கை விவசாய இயக்கங்களின் சர்வதேசச் சம்மேளனம். அதன் சார்பில் நின்றவர் லிண்டா புல்லார்ட். மூன்று பெண்மணிகள் ஒரு ஸர்க்காரையும் ஒரு பெரிய கம்பெனியையும் எதிர்த்து நின்ற காட்சியை நம் பெண் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்பதில் தவறில்லை.

வழக்கு ம்யூனிக் நகரத்தில் விசாரணைக்கு வந்தது. இங்கேதான் நேயர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். வேம்பு பாரத நாட்டு மரம், அதன் குணம் எங்கள் பாட்டன் பூட்டன் அறிந்தது என்று முழங்கியிருந்தால் நமக்கெல்லாம் மெய் சிலிர்த்திருக்கும். வழக்கு மட்டும் தீர்ந்திராது. ஐரோப்பியச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. அச்சில் வந்ததுதான் என்றில்லை, வாய்மொழியாகச் சொன்னதும் பலரறியச் செய்ததும்கூட, முன்பே தெரிந்த விஷயம் என்றே கொள்ளப்படும். ஆனால் எப்போது, எங்கே, எந்தப் பொருளை, எந்த விதமாகச் செய்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபிக்கக் கூடிய ஒருவர் இருந்தார். பூனாவைச் சேர்ந்த அபய் பட்கே என்னும் தொழில் முனைவர், 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மகாராஷ்டிரத்தின் பூனா, ஸாங்க்லி ஜில்லாக்களில் குடியானவர்களின் வயல்களிலேயே வேப்பங்கொட்டைச் சரக்கைத் தெளித்துச் சோதனை செய்திருந்தார். அவர் நேரில் ம்யூனிக்குக்குச் சென்று, இன்ன ஆண்டு, இன்ன இடம், இன்ன முறை என்று சாட்சி சொன்னார். 2000-ஆம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி உரிமை ரத்தாயிற்று. உரிமைக்காரர்கள் மேல் முறையீடு செய்தார்கள். 2005 மார்ச் 8-ந் தேதி அதுவும் தள்ளுபடியாயிற்று. அன்று சர்வதேச மகளிர் தினம். திட்டமிட்டுச் செய்தார்களோ, தற்செயலோ, பொருத்தமாக அமைந்தது.

ஆட்சேபம் எழுப்பியதிலிருந்து முடிவு வரப் பத்து வருஷம். அத்தனைக்கும் ஆணியாக நின்றது எது? யுகயுகாந்தரமாக வந்த பெருமை அன்று. தேதியும் இடமும் முறையும் சொல்லக் கூடிய ஒரு சோதனை.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. 2013 மார்ச்சில் புதிய விதி அமலுக்கு வரும் வரையில், அயல் நாட்டில் ஜனங்கள் ஒன்றைக் கையாண்டு வந்தார்கள் என்பது அங்கே கணக்கில் சேராது. அச்சில் வந்திருக்க வேண்டும், அல்லது பேடண்டாகியிருக்க வேண்டும். காயத்துக்கு மஞ்சள் தூள் போடுவதற்கு 1995-ல் அங்கே ஓர் உரிமை வழங்கினார்களே, அதை 1997-ல் உடைத்தது எப்படி? நம்முடைய விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் பழைய கிரந்தங்களையும், 1953-ல் இந்திய வைத்தியச் சங்கப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையையும் தேடி எடுத்துக்கொண்டு போய்க் காட்டிற்று. வீடு தோறும் அஞ்சறைப் பெட்டியில் மஞ்சள் இருப்பது சாட்சியாகவில்லை; அச்சிட்ட காகிதம் சாட்சியாயிற்று.

இதை அறிந்த பின் நம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தால் கொஞ்சம் கவலையாகவே இருக்கிறது. கரிசல் நாட்டில் தானியம் சேமிக்கும் மண் குலுக்கைக்குள் நொச்சி இலை போடாத வீடு முன்பு இருந்ததில்லை. வேப்பிலைச் சருகு போடுவார்கள். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து வைப்பார்கள். துவரைக்குச் செம்மண் கட்டுவார்கள். துவரம் பருப்புக்கு ஆமணக்கெண்ணெய் தடவுவார்கள். நமது வகுப்புப் பிள்ளைகளிடம், இவற்றை அவரவர் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அளவோடு எழுதி வாருங்கள் என்று சொன்னோம். வந்த விடைகளை இங்கே தரத்தான் வேண்டும். "ஒரு பிடி" என்று எழுதியவர்கள் அநேகர். "ஒரு கை" என்று சிலர். ஒரு சிறுவன், "எம்புட்டு ஆச்சி போடணும்?" என்று கேட்டிருக்கிறான். "ஏல, அதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்ல!" என்று பதில் கிடைத்திருக்கிறது. அதை அப்படியே நோட்டில் எழுதிக் கீழே தேதியும் போட்டிருந்தான். ஆச்சியின் கண்ணுக்குத் தெரியும் என்பதில் நமக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ம்யூனிக்கில் இருக்கும் நீதிபதியின் கண்ணுக்கு அது தெரிய வேண்டுமே என்பதுதான் சங்கடம்.

அளவு எழுதுவது நீதிபதிக்காக மட்டும் அல்ல. இந்தப் பொருள்கள் வேலை செய்கிற விதமே அளவையும் காலத்தையும் பொறுத்திருக்கிறது. அதை விளங்கிக் கொள்ள வகுப்பில் நாம் செய்து காட்டுகிற ஒரு சின்ன வித்தையை வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஒரு வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு ஆமணக்கெண்ணெயும், சற்றுத் தள்ளி ஒரு சொட்டு நீலகிரித் தைலமும் விடுங்கள். இரண்டும் காகிதத்தைக் கண்ணாடி போலாக்கும். சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். ஆமணக்கின் கறை அப்படியே இருக்கும். தைலத்தின் கறை போன இடம் தெரியாது. ஆமணக்கெண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் நிலைத்து நிற்கும் எண்ணெய்கள். நீலகிரித் தைலம், ஓமத் தைலம், கிராம்புத் தைலம், எலுமிச்சைப் புல் தைலம் முதலியவை காற்றோடு போகும் ஆவித் தைலங்கள். இலையிலும் விதையிலும் நுண்ணிய பைகளில் அடைபட்டிருக்கும்; கசக்கினால் பை உடைந்து மணம் எழும். புழுவும் பூஞ்சணமும் வந்து கடிக்கும்போது செடி வைத்துக் கொண்டிருக்கும் காவல் அது. நமக்கு வாசனையாக வாய்த்தது நம் அதிர்ஷ்டம்.

ஆவித் தைலத்தின் வலிமை, அது கொழுப்பில் கரைவது. பூஞ்சண அணுவைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோல் கொழுப்பினாலாயது. ஓமத்தில் உள்ள தைமால், கிராம்பிலும் துளசியிலும் உள்ள யூஜினால், எலுமிச்சைப் புல்லின் ஸிட்ரால் ஆகியவை அந்தத் தோலில் புகுந்து இளக்கிவிடுகின்றன. அணுவின் உள்ளே இருப்பது வெளியே கசிந்து போகிறது. பூச்சிக்கோ வாசனையே எச்சரிக்கையாகிறது. ஆனால் அதே காற்றோடு போகும் குணந்தான் இதன் பலவீனமும். கைகளில் பூசிய புல் தைலம் கொசுவை ஒன்றிரண்டு மணி நேரந்தான் தள்ளி நிறுத்தும். ஜன்னலோரம் துளசித் தொட்டி வைத்தால் கொசு வராது என்று சொல்லுகிறவர்கள், துளசி தன் தைலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு சும்மா நிற்பதைக் கவனிப்பதில்லை. வெயில் காயும் வெளிக்காட்டில் தெளித்த தைலம் மாலைக்குள் பறந்துவிடும். மூடிய குலுக்கைக்குள் போட்ட நொச்சியோ, தன் ஆவியை அந்தச் சின்ன இடத்தில் நிறைத்துக்கொண்டு நெடுநாள் நிற்கும். நம் முன்னோர் நொச்சியைக் குலுக்கைக்குள் வைத்ததன் சூட்சுமம் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

நிலை எண்ணெய்களின் வழி வேறு. பயறு வண்டு தன் முட்டையைப் பயற்றின் மேல் ஒட்டி வைக்கும். புழு பொரிந்து நேரே உள்ளே துளைத்துக்கொண்டு போகும். கிலோ ஒன்றுக்கு ஐந்து முதல் பத்து மில்லி லிட்டர் எண்ணெயைப் பயறெல்லாம் படும்படி புரட்டி வைத்தால் முட்டைக்கு மூச்சுத் திணறிவிடும். பருப்புக்கு எண்ணெய் தடவுவது பளபளப்புக்கு என்று நினைத்திருந்தவர்கள் நினைப்பை மாற்றிக் கொள்ளலாம்.

வேம்பில் எண்ணெய் ஒன்று, கசப்பு வேறொன்று. கசப்பில் தலையாயது அஸாடிராக்டின். வேப்பங்கொட்டைக் கரைசல் பட்ட இலையை வெட்டுக்கிளி தொடுவதில்லை என்று டில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்துப் பிரதான் என்பாரும் அவருடைய சகாக்களும் 1962-ல் எழுதினார்கள். 1968-ல் இங்கிலாந்தின் கீல் என்னும் ஊரில் பட்டர்வொர்த், மார்கன் என்ற இருவர் அஸாடிராக்டினைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதன் கட்டமைப்பு அத்தனை சிக்கலானது. கேம்பிரிட்ஜ் ஸர்வகலாசாலையில் ஸ்டீவன் லே என்பவரின் கூட்டத்தார் அதைச் செயற்கையாகச் செய்து முடிக்க 22 வருஷம் பிடித்தது, 2007-ல்தான் கைகூடிற்று. நம் வீட்டு வாசல் மரம் அதை வருஷந்தோறும் ஆனி மாதத்தில் காகத்துக்கும் மைனாவுக்கும் வாரி இறைக்கிறது. அஸாடிராக்டின் பூச்சியை அடித்துக் கொல்வதில்லை. தின்ன விடாமல் செய்கிறது, தோலுரித்து வளர விடாமல் தடுக்கிறது. மருந்தடித்த மறுநாள் காட்டில் செத்த புழுக்களைத் தேடுகிறவனுக்கு ஏமாற்றந்தான். வெயில் பட்டால் அது சிதைந்தும் போகும். ஆகையால் தெளிப்பது மாலையில்தான்.

இவ்வளவு மெதுவான மருந்தை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. நம் கரிசல் மண்ணையொத்த மண்ணுள்ள யவத்மால் ஜில்லாவில், 2017-ஆம் ஆண்டு பருத்திக்குப் பூச்சி மருந்தடித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் அந்த விஷக் காற்றைச் சுவாசித்து மாண்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இடுப்பில் ஒரு துண்டும் முகத்தில் ஒன்றுமில்லாமலும் மருந்தடிக்கிற மனிதரை நம் பக்கத்துக் காடுகளிலும் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் வேம்பே போதும் என்று நாம் வாதிக்க மாட்டோம். காடு முழுவதும் புழு பிடித்த பிறகு வேப்பங்கொட்டைச் சாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுகிற கதை. நோயின் முதல் புள்ளி தெரிகிறபோது தெளித்தால், கடுமையான விஷத்தை எடுக்க வேண்டிய அவசியமே பல சமயம் வராது. அத்தனைக்குத்தான் நாம் உத்தரவாதம்.

தாய்மார்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இயற்கையில் விளைந்தது என்பதால் ஒரு பொருள் சாதுவாகிவிடாது. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை வாய் வழியே புகட்டும் வழக்கம் சில குடும்பங்களில் இருந்து வந்திருக்கிறது. மலேசியாவில் அவ்விதம் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டு, ஈரலும் மூளையும் கெட்டதை அந்நாட்டு டாக்டர்கள் 1981-ல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். ஒரு சங்கு கூட, ஒரு சொட்டுக் கூடக் குழந்தைக்கு வேண்டாம். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பும் இப்படித்தான். அதன் தைலத்திலுள்ள அஸரோன் வண்டின் இனப்பெருக்கத்தைத் தடுக்கிறது. அதே சத்து எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968-லேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். விதைக்கு வைத்திருக்கும் தானியத்தில் வசம்பு முடிச்சு இருக்கட்டும்; சமையலுக்கு எடுக்கும் பானையில் நொச்சியே போதும். பானைக்குள் போட்டது எது, எவ்வளவு என்று எழுதாதவருக்கு இந்த வித்தியாசமும் தெரியாமல் போகும்.

எழுதி எங்கே வைப்பது? 2001-ல் நம் ஸர்க்கார் பாரம்பரிய ஞானத்துக்கு ஒரு மின் நூலகம் ஏற்படுத்தி, சித்த வைத்தியம் உள்பட நம் பழைய வைத்திய நூல்களிலுள்ள முறைகளை ஐந்து அயல் மொழிகளில் பெயர்த்து, பேடண்ட் ஆபீஸ்கள் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அது ஏட்டிலும் நூலிலும் உள்ளதைத் திரட்டுவது. ஆச்சியின் கைப்பிடி ஏட்டில் ஏறியதல்லவே! அதற்கு வேறு வழி இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி, ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு குழு அமைத்து, ஊரிலுள்ள செடி கொடிகளையும் அவற்றைப் பற்றி ஊரார் அறிந்ததையும் ஒரு மக்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேடு தங்கள் ஊரில் எழுதப்பட்டிருக்கிறதா, அதில் வீட்டுப் பெண்கள் சொன்னது ஒரு வரியாவது இருக்கிறதா என்று நேயர்கள் விசாரித்துப் பார்க்கலாம். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் நாட்டுச் சொற்களையெல்லாம் கேட்டுக் கேட்டு அகராதியாகத் தொகுத்தார். யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. குலுக்கை என்ற சொல்லுக்குச் செய்ததைக் குலுக்கைக்குள் போடும் இலைக்கும் ஒருவர் செய்யலாம்.

நமது வகுப்பில் இரண்டாம் முறை நோட்டை எடுத்தபோது, பிள்ளைகள் தராசும் படியும் கொண்டு போனார்கள். ஆச்சிமார் "ஒரு பிடி" அள்ளியதும் அதை வாங்கி நிறுத்து எழுதினார்கள். ஒரு பிடிக்கும் இன்னொரு பிடிக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்து ஆச்சிமாருக்கே சிரிப்பு வந்ததாம். நோட்டில் இப்போது நாலு பத்திகள் இருக்கின்றன: இலை, நிறை, தானியத்தின் அளவு, குலுக்கை மூடிய தேதி. ஐந்தாவது பத்தி, குலுக்கையைத் திறக்கும்போது வண்டு இருந்ததா இல்லையா என்பது. அதை ஆடி மாதத்தில் நிரப்புவார்கள்.

உளுந்துக்காரர்களுக்கு வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். லிட்டர் நீருக்கு முப்பது மில்லி லிட்டர் வேப்பெண்ணெய். எண்ணெய் நீரில் தானாகக் கலக்காது. முதலில் கொஞ்சம் சவுக்காரத்தைக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டுப் பால் போல் வெளுக்கும் வரை அடித்து, பிறகு மீதி நீரைச் சேர்க்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். தெளித்த தேதியைக் காலண்டரில் குறித்துக் கொண்டால், பத்தாம் நாள் எது என்று விரல் மடக்க வேண்டியதில்லை.